ஆக்சஸ் கணக்கை லைனில் இருப்பவர் போனுக்குக் கொண்டுபோவது எப்படி

ஒரு மொத்த வியாபாரக் கடையை எடுத்துக்கொள்வோம். பில்லும் இருப்பும் மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸில். முதலாளி பார்க்கும் கணக்குகள் எக்செலில். லைனுக்குப் போகும் நான்கைந்து பேர் கடை கடையாக ஆர்டர் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, ஆபீஸில் ஒருவர் உட்கார்ந்து அதையே மறுபடி அடிக்கிறார். 12 என்பது 21 ஆகிவிட்டால் சரக்கு வண்டி ஏறிய பிறகுதான் தெரியும். ஆர்டர் நேராக ஆக்சஸுக்குள் வந்து சேரவும், இன்றைய விலையும் இருப்பும் லைனில் இருப்பவர் போனில் தெரியவும் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகப் பார்ப்போம்.

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடலாம். ஆக்சஸ் ஃபைலை ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ போட்டு, இரண்டு கம்ப்யூட்டரில் திறந்து வேலை செய்யாதீர்கள். பலரும் முதலில் கைவைப்பது இங்கேதான், டேட்டா தொலைவதும் இங்கேதான். ஆக்சஸ் ஃபைலைத் திறந்ததும் பக்கத்திலேயே ஒரு பூட்டு ஃபைல் உருவாகும். யார் எந்தப் பதிவைத் திருத்திக்கொண்டிருக்கிறார் என்பது அதில்தான் இருக்கும். ஆபீஸ் நெட்வொர்க்கில் ஒரே ஃபோல்டரைத் திறக்கும்போது எல்லாக் கம்ப்யூட்டரும் அந்த ஒரே பூட்டைப் பார்க்கின்றன. சிங்க் ஆகும் டிரைவில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடமுள்ள பிரதியை மட்டுமே பார்க்கும். இருவரும் எழுதி மூடினால், பின்னால் மூடியவர் ஃபைல் முன்னவர் எழுதியதன்மேல் ஏறும். அல்லது இரண்டு ஃபைலாகப் பிரிந்து நிற்கும். பாதி சிங்க் ஆனபோது திறந்தால் ஃபைலே கெட்டுப்போகும். எக்செலுக்கு இந்த ஆபத்து குறைவு. ஒன்டிரைவில் உள்ள எக்செல் ஃபைலில் பலர் ஒரே நேரத்தில் எழுத மைக்ரோசாஃப்டே வழி செய்து வைத்திருக்கிறது. ஆக்சஸ் ஃபைலுக்கு அந்த ஏற்பாடு கிடையாது.

ஆகவே ஃபைல் ஆபீஸிலேயே இருக்கட்டும். போனுக்குத் தேவையான சில டேபிள்களை மட்டும் மேகத்துக்கு, அதாவது இணையச் சேமிப்பிடத்துக்கு, ஏற்றுவோம்.

ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரே தாய்வீடு

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் ஒரு தாளில் இதை எழுதிக்கொள்ளுங்கள்: எந்த விவரம் எங்கே பிறக்கிறது, எங்கே வெறுமனே பார்க்கப்படுகிறது. சரக்கு விலையும் இருப்பும் ஆக்சஸில் பிறக்கின்றன. போனில் பார்க்க மட்டுமே. கடைக்காரர் பட்டியலும் அப்படியே. ஆர்டர் போனில் பிறக்கிறது. ஆக்சஸ் அதை வாங்கிக்கொள்ளும், திருத்தாது. எக்செலில் எதுவும் பிறப்பதில்லை, அது பார்ப்பதற்கு மட்டும். ஒரே விவரத்தை இரண்டு இடத்தில் திருத்த விட்டால் எது சரி என்று எந்த மென்பொருளாலும் சொல்ல முடியாது. இணைப்பு வேலை சிக்கலாகும் இடங்களில் பெரும்பாலும் இந்தத் தாள் எழுதப்பட்டிருக்காது.

இந்த அளவுக் கடைக்கு நல்ல வழி ஷேர்பாயின்ட் லிஸ்ட்டும் (இணையத்தில் இருக்கும் டேபிள்) பவர் ஆப்ஸும் (போனில் ஓடும் ஆப் உருவாக்கும் கருவி). மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவிலேயே இரண்டும் அடங்கும். ஆக்சஸ் வேண்டிய கம்ப்யூட்டருக்கு மட்டும் பிசினஸ் ஸ்டாண்டர்டு எடுத்தால் போதும். லைனுக்குப் போகிறவர்களுக்கு பிசினஸ் பேசிக் போதுமானது. பில் போட மட்டும் ஆக்சஸைத் திறக்கும் மற்றக் கம்ப்யூட்டர்களில், செய்துவைத்த ஃபைலை ஓட்ட மட்டும் உதவும் ஆக்சஸ் ரன்டைம் போதும், அது இலவசம்.

ஏற்றுவதற்கு முன் சுத்தம்

ஆக்சஸ் ஃபைலை எல்லாரும் மூடியபின் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு டேட்டாபேஸ் டூல்ஸ் மெனுவில் காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் ஓட்டுங்கள். ஆக்சஸ் ஃபைலின் உச்ச அளவு 2 ஜிபி; அழித்த பதிவுகள் பிடித்துவைத்த இடம் இதில்தான் திரும்பக் கிடைக்கும். டேபிளும் ஃபார்மும் ஒரே ஃபைலில் இருந்தால், அதே மெனுவின் மூவ் டேட்டா பகுதியில் உள்ள ஆக்சஸ் டேட்டாபேஸ் பட்டனை அழுத்திப் பிரித்துவிடுங்கள். டேபிள் ஃபைல் பொது ஃபோல்டரிலும், ஃபார்ம் ஃபைல் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. தமிழ்நாட்டு ஆபீஸ்களில் பழைய ஃபைல் என்றால் பாமினியிலோ வானவில்லிலோ அடித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த எழுத்துரு இல்லாத போனில் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த குப்பையாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவியால், எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முழு டேபிளையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது. சரக்குக் குறியீட்டில் இருக்கும் உண்மையான ஆங்கில எழுத்துகளும் தமிழாக மாறிவிடும். தமிழ் இருக்கும் ஃபீல்டை, அதாவது அந்த ஒரு பத்தியை, மட்டும் தனியே எடுத்து, மாற்றி, முதல் 50 வரிகளைக் கண்ணால் பார்த்த பிறகே திரும்ப ஒட்டுங்கள்.

எக்செலிலிருந்து காற்புள்ளி பிரித்த ஃபைலாகச் சேமிப்பதானால், பட்டியலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று இருப்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் சிஎஸ்வி என்றால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும், அதைத் திரும்பப் பெற வழியில்லை. அந்த ஃபைலை எக்செலில் பார்க்க டபுள் கிளிக் செய்யாமல், டேட்டா மெனுவின் ஃப்ரம் டெக்ஸ்ட் வழியாக 65001 என்ற குறிமுறையைத் தேர்ந்து திறங்கள்.

பார்கோடிலும் ஒரு பொறி உண்டு. 890 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணைச் சாதாரண செல்லில் அடித்தால் எக்செல் அதை 8.9 பெருக்கல் பத்தின் 12-ஆம் அடுக்கு என்ற சுருக்க வடிவில் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிந்ததுதான் ஃபைலில் போகும். பின் இலக்கங்கள் போயே போச்சு. பூஜ்யத்தில் தொடங்கும் குறியீடாக இருந்தால் முன் பூஜ்யம் காணாமல் போகும். அந்தப் பத்தியை முதலிலேயே டெக்ஸ்ட் என்று வடிவமைத்துவிட்டுத்தான் எண்களை ஒட்ட வேண்டும். குறியீடு என்பது எண்போலத் தெரியும் பெயர், அதை யாரும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை.

லிஸ்ட் உருவாக்குதல்

ஆக்சஸ் டேபிளை நேராக ஷேர்பாயின்ட்டுக்கு ஏற்றுமதி செய்யும் பட்டனும் உண்டு. ஆனால் ஷேர்பாயின்ட் தானே புதிதாக வரிசை எண் போடும், ஆக்சஸ் தானாகப் போட்ட பழைய எண் (ஆட்டோநம்பர்) வேறொரு பத்திக்குத் தள்ளப்படும். பழைய எண்ணை நம்பி மற்ற டேபிள்கள் இருந்தால் குழப்பம்தான். எனவே லிஸ்டைக் கையாலேயே உருவாக்குங்கள். நான்கு லிஸ்ட் போதும்: சரக்கு, கடை, ஆர்டர் தலைப்பு (ஓர் ஆர்டருக்கு ஒன்று), ஆர்டர் வரி (அந்த ஆர்டரில் உள்ள ஒவ்வொரு சரக்குக்கும் ஒன்று).

எந்த லிஸ்டிலும் டைட்டில் என்ற பத்தி தானாகவே இருக்கும். சரக்கு லிஸ்டில் அதைச் சரக்குக் குறியீட்டுக்கு வைத்துக்கொண்டு, பத்தி அமைப்பில் 'என்ஃபோர்ஸ் யூனிக் வேல்யூஸ்' என்பதை ஆம் ஆக்குங்கள். ஒரே குறியீடு இரண்டு முறை வராது. கூடவே தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸும் அமைந்துவிடும்.

பத்திகளுக்குப் பெயர் வைக்கும்போது, முதலில் இடைவெளியில்லாத குட்டி ஆங்கிலப் பெயர். உருவான பிறகு தமிழுக்கு மாற்றுங்கள். வெளியே தெரியும் பெயரை எத்தனை முறையும் மாற்றலாம், உள்பெயர் பிறந்தபோது வைத்ததே நிலைக்கும். தமிழில் பிறந்த பத்திக்கு உள்பெயரில் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் ஏழு ஆங்கிலக் குறிகள் செலவாகும். மொத்தம் 32 ஆனதும் வெட்டிவிடும். 'சரக்குப் பெயர்', 'சரக்குக் குறியீடு' இரண்டுமே ச, ர, க, புள்ளி என்ற நான்கோடு கிட்டத்தட்ட முடிந்துபோகும். இரண்டாவதற்குப் பின்னால் ஓர் எண் ஒட்டி ஷேர்பாயின்ட் வேறுபடுத்தும். பிறகு ஃபார்முலா எழுதுகிறவருக்கு எது பெயர், எது குறியீடு என்றே தெரியாது.

விலைக்குக் கரன்சி வகை, அளவுக்கு நம்பர், தேதிக்குத் தேதியும் நேரமும். 5000 வரியைத் தாண்டக்கூடிய ஆர்டர் வரி லிஸ்டில், தேதி, ஆர்டர் எண், ஆக்சஸ் எடுத்துக்கொண்டதா என்ற மூன்று பத்திகளுக்கும் இப்போதே இன்டெக்ஸ் போடுங்கள். லிஸ்டில் கோடிக்கணக்கில் வரிகள் இருக்கலாம். ஆனால் இன்டெக்ஸ் இல்லாத பத்தியில் ஒரே வினவலில் 5000-க்கு மேல் துழாவ ஷேர்பாயின்ட் மறுத்துவிடும்.

கொள்முதல் விலையை லிஸ்டில் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஆப்பில் காட்டாமல் மறைத்தால் போதும் என்று நினைப்பது தவறு. லிஸ்டைப் படிக்க அனுமதி உள்ளவர் பிரவுசரில் நேராகத் திறந்து எல்லாப் பத்தியையும் பார்க்கலாம். ஒருவர் ஆர்டரை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்றால், இரண்டு ஆர்டர் லிஸ்டிலும் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் தான் உருவாக்கியதை மட்டும் படிக்க, திருத்த என்று அமைக்க வேண்டும். ஆப்பில் ஃபில்டர் போடுவது பூட்டு ஆகாது.

நேர மண்டலத்தையும் இப்போதே சரிசெய்யுங்கள். புதிய ஷேர்பாயின்ட் தளம் அமெரிக்கப் பசிபிக் நேரத்தில் இருக்கலாம். அப்போது காலை 10 மணிக்கு வந்த ஆர்டர், ஷேர்பாயின்ட் பக்கத்தில் முந்தைய நாள் இரவு எட்டரை அல்லது ஒன்பதரை என்று தெரியும். சைட் செட்டிங்ஸில் ரீஜனல் செட்டிங்ஸ் போய், சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுதில்லி என்று எழுதிய +05:30 வரியைத் தேர்ந்தெடுங்கள்.

ஆக்சஸோடு கோர்த்தல்

எக்ஸ்டர்னல் டேட்டா, நியூ டேட்டா சோர்ஸ், ஃப்ரம் ஆன்லைன் சர்வீசஸ், ஷேர்பாயின்ட் லிஸ்ட். தள முகவரியைக் கொடுத்து, இம்போர்ட்டை விட்டுவிட்டு லிங்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான்கு லிஸ்டும் ஆக்சஸ் டேபிள்போலவே பக்கவாட்டில் வந்து நிற்கும். பின்னால் ஷேர்பாயின்ட்டில் ஒரு பத்தி சேர்த்தால் அது இங்கே தானாகத் தெரியாது. லிஸ்டின்மேல் ரைட் கிளிக், மோர் ஆப்ஷன்ஸ், ரிஃப்ரெஷ் லிஸ்ட்.

முதல் முறை சரக்குகளை அப்பென்ட் கியூரியால் (ஒரு டேபிளின் வரிகளை இன்னொன்றில் சேர்க்கும் கட்டளை) ஏற்றுங்கள். வரி வரியாகப் போவதால் 3000 சரக்குக்குச் சில நிமிடம் பிடிக்கும், நடுவில் நிறுத்த வேண்டாம். அதன்பின் தினமும் எல்லாவற்றையும் அழித்து ஏற்றுவது வீண். குறியீட்டால் இரு டேபிளையும் சேர்த்து, விலையோ இருப்போ மாறியிருக்கும் வரிகளை மட்டும் திருத்தும் அப்டேட் கியூரி ஒன்று, புதுச் சரக்கைச் சேர்க்கும் அப்பென்ட் கியூரி ஒன்று. இந்த இரண்டையும் ஒரு மேக்ரோவில் வைத்து மணிக்கு ஒருமுறை ஓட்டினால் இருப்பு ஓரளவு புதிதாகவே இருக்கும். கடைசியாக ஓடிய நேரத்தையும் போனில் காட்டுங்கள். '11 மணி நிலவரப்படி 40 பெட்டி' என்று பார்த்தால் கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது என்று லைனில் இருப்பவருக்குத் தெரியும்.

போனில்

பவர் ஆப்ஸ் தளத்தில் சரக்கு லிஸ்டைக் காட்டி ஆப் உருவாக்கச் சொன்னால், பட்டியலும் விவரமும் திருத்தும் படிவமும் தானே வந்துவிடும். சரக்குத் திரையில் திருத்தும் படிவத்தை நீக்கிவிடுங்கள். லிஸ்டின் அனுமதியையும் படிக்க மட்டும் என்று வையுங்கள்.

இங்கே எல்லாரையும் சுற்றவிடுவது ஒன்று உண்டு. ஷேர்பாயின்ட் செய்துதரக்கூடிய தேடலை பவர் ஆப்ஸ் அதனிடமே விட்டுவிடும். செய்ய முடியாத தேடல் என்றால், முதல் 500 வரியைப் போனுக்கு இறக்கி அதற்குள் மட்டும் தேடும். 'சர்ச்' ஃபங்க்ஷன் இரண்டாம் வகை, தொடக்க எழுத்துகளை வைத்துத் தேடும் 'ஸ்டார்ட்ஸ்வித்' முதல் வகை. ஆகவே 3000 சரக்கில் 2200-ஆவதாக இருக்கும் போல்ட்டை 'சர்ச்' போட்டுத் தேடினால் கிடைக்காது. பிழைச் செய்தியும் வராது. லைனில் இருப்பவர் சரக்கு இல்லை என்று சொல்லி ஆர்டரை விட்டுவிட்டு வருவார். செட்டிங்ஸில் இந்த 500-ஐ 2000 வரை ஏற்றலாம், அதற்கு மேல் முடியாது. சோதிக்கும்போது அதை 1 என்று வைத்துப் பாருங்கள்: எந்தத் திரையில் ஒரே ஒரு வரி தெரிகிறதோ அந்தத் திரையின் ஃபார்முலா கோளாறானது.

சிக்னல் இல்லாத ஊர்களுக்காக, காலையில் ஆபீஸ் வைஃபையிலேயே சரக்கையும் கடைகளையும் தற்காலிகப் பட்டியலாக, அதாவது கலெக்‌ஷனாக இறக்கி 'சேவ்டேட்டா' மூலம் போனிலேயே வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். ஒரு முறைக்கு 2000 வரிதான் வரும் என்பதால் வகை வகையாகப் பிரித்து இறக்க வேண்டும். ஆர்டரும் முதலில் போனிலேயே சேரட்டும், இணைப்பு வந்ததும் அனுப்பட்டும். இதற்கு பவர் ஆப்ஸ் செயலியையே நிறுவுங்கள், பிரவுசரில் திறக்க வேண்டாம்.

அனுப்பும்போது இணைப்பு அறுந்தால் ஆப் மறுபடி அனுப்பும். ஒரே ஆர்டர் இரண்டு முறை வரலாம். இதைத் தடுப்பது ஆர்டர் எண். அதைப் போனே உருவாக்க வேண்டும்: ஆள் குறி, ஆண்டு மாதம் தேதி, அன்றைய வரிசை. கமு-250614-007 என்றால் யார், என்று, எத்தனையாவது என்பது படித்தவுடனே விளங்கும். வரிக்கு அதன்பின் -01, -02. இவை டைட்டில் பத்தியில் போகட்டும், அங்கேயும் யூனிக் வேல்யூஸ் ஆம். இரண்டாம் முறை வருவதை ஷேர்பாயின்ட்டே திருப்பி அனுப்பிவிடும். வரிகளை முதலில் அனுப்பி, தலைப்பைக் கடைசியில் அனுப்புங்கள். தலைப்பு வந்துவிட்டது என்றால் ஆர்டர் முழுமை என்று ஆக்சஸ் நம்பலாம்.

ஆக்சஸ் பக்கம் இரண்டு கியூரி. முதலாவது, தலைப்பு வந்த, இன்னும் எடுக்காத வரிகளை ஆபீஸ் டேபிளில் சேர்க்கும். அந்த டேபிளில் வரி எண்ணுக்கு நகல் அனுமதிக்காத இன்டெக்ஸ் இருக்கட்டும். இரண்டாவது, லிஸ்டில் 'எடுத்தாச்சு' என்று குறிக்கும். எடுக்காத எல்லாவற்றையும் குறித்துவிடாமல், ஆபீஸ் டேபிளில் உண்மையிலேயே இருக்கும் வரி எண்களோடு சேர்த்து, அவற்றை மட்டும் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கியூரிக்கும் நடுவே வந்த ஆர்டர், எடுக்கப்படாமலே எடுத்தாச்சு என்று ஆகிவிடும். தேடிக் கண்டுபிடிக்கவே முடியாத வகைத் தவறு அது.

எக்செலும் மற்றவையும்

முதலாளிக்கு வேண்டிய கணக்குக்கு எக்செலில் டேட்டா, கெட் டேட்டா, ஃப்ரம் ஆன்லைன் சர்வீசஸ், ஷேர்பாயின்ட் ஆன்லைன் லிஸ்ட். முகவரியில் தளத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லிஸ்டின் முழு முகவரியை ஒட்டினால் இணையாது. உள்நுழையும்போது ஆர்கனைசேஷனல் அக்கவுன்ட். எக்செல் ஃபைலையே பவர் ஆப்ஸுக்கு டேட்டாபேஸாக வைப்பது சோதனைக்குச் சரி, தினசரி ஆர்டருக்கு ஆகாது. அந்த இணைப்பு பயன்படுத்திய பின் 6 நிமிடம் வரை ஃபைலைப் பூட்டி வைத்திருக்கக்கூடும்.

கடை வளர்ந்து, பலர் ஒரே நேரத்தில் பில் போடும் நிலை வந்தால் அடுத்த படி மைக்ரோசாஃப்ட்டின் மேக டேட்டாபேஸான அஷூர் எஸ்கியூஎல். சென்னையிலேயே அதற்கு டேட்டா சென்டர் உண்டு, 'சவுத் இந்தியா' என்ற பெயரில். மாற்ற மைக்ரோசாஃப்ட்டின் இலவச மைக்ரேஷன் அசிஸ்டன்ட் இருக்கிறது. நான்கு விஷயம் கவனம். தமிழ் வரும் பத்தி, யூனிகோடு எழுத்தை ஏற்கும் 'என்வார்சார்' வகையாகவே இருக்க வேண்டும். 'வார்சார்' என்றால் வெறும் கேள்விக்குறிதான் மிஞ்சும். ஆம்-இல்லை பத்திக்கு இயல்பு மதிப்பு 0 கொடுங்கள். காலியாக விட்டால் ஆக்சஸில் 'ரைட் கான்ஃப்ளிக்ட்' என்று வேறு யாரோ திருத்தியதுபோல் செய்தி வரும். ஒவ்வொரு டேபிளிலும், வரி மாறியதா என்று காட்டும் 'ரோவெர்ஷன்' பத்தி ஒன்று சேருங்கள். நான்காவது ஃபயர்வால்: அனுமதித்த ஐபி முகவரிக்கு மட்டுமே கதவு திறக்கும், சாதாரண பிராட்பேண்டில் அந்த முகவரி மாறிக்கொண்டே இருக்கும். நேற்று வரை வேலை செய்தது இன்று 40615 என்ற பிழை காட்டினால் காரணம் இதுதான். நிலையான ஐபி வாங்கிவிடுவது நிம்மதி. எல்லா முகவரிக்கும் திறந்துவிடுவது வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதற்குச் சமம். எஸ்கியூஎல்லோடு பேச பவர் ஆப்ஸில் பிரீமியம் லைசன்ஸ் தேவை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக்சஸே இல்லை, எல்லாம் கூகுள் ஷீட்ஸ்தான் என்றால் கூகுளின் ஆப் உருவாக்கும் கருவியான ஆப்ஷீட் எளிது. எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவிலிருந்தே தொடங்கலாம், 10 பேர் வரை சோதிக்கக் காசில்லை. ஷீட்டில் எத்தனையாவது வரி என்ற எண்ணை, வரியை அடையாளம் காட்டும் கீயாக வைக்காதீர்கள். ஆபீஸில் யாராவது ஷீட்டை வரிசை மாற்றினால் போனில் திறந்திருப்பவர் வேறொருவர் வரியைத் திருத்திவிடுவார். தனி அடையாள எண் பத்தி ஒன்றைச் சேர்த்து, அதன் தொடக்க மதிப்பாக 'யுனிக்ஐடி' கொடுங்கள். ஷீட்டில் பத்தி சேர்த்தால் 'ரீஜெனரேட் ஸ்கீமா' அழுத்தும் வரை ஆப்புக்கு அது தெரியாது.

நான்கைந்து பேருக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடாதீர்கள். ஒருவரிடம் மட்டும் ஒரு வாரம் கொடுத்து, அவர் வாட்ஸ்அப்பிலும் அனுப்பட்டும். மாலையில் இரண்டையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். இடையில் ஒருமுறை வேண்டுமென்றே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு மூன்று ஆர்டர் எடுக்கச் சொல்லுங்கள். இணைப்பு வந்ததும் மூன்றும், மூன்று மட்டுமே, ஆக்சஸில் வந்து சேர வேண்டும். ஷேர்பாயின்ட் லிஸ்டில் அழித்த வரி குப்பைத்தொட்டியில் 93 நாள்தான் இருக்கும். எனவே சனிக்கிழமை தோறும் நான்கு லிஸ்டையும், புதுப் பிரதி டேபிள் உருவாக்கும் மேக்-டேபிள் கியூரியால் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு இறக்கி வையுங்கள். யாராவது வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அட்மின் சென்டரில் அவர் உள்நுழைவைத் தடுத்துவிடுங்கள்; அவர் போனில் அனுப்பாமல் தங்கிய ஆர்டர் இருக்கிறதா என்று அதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.